ஸ்ரீகலா டீச்சர் அழிக்காத பிழை

ஸ்ரீகலா நீலகண்டன். பிறப்பு: 1978, குளத்தூர். நெய்யாற்றின்கரை வட்டத்தில் உளவியல் ஆசிரியப் பணி: 2006 முதல் இன்றுவரை.

இவ்வளவையும் அவருடைய பணிப்பதிவேடே சொல்லிவிடும். அது சொல்லாத ஒன்றைச் சொல்லவே இக்கட்டுரை. கேரள–தமிழக எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் மேனிலை வகுப்புகளுக்கு உளவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இன்று ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிவார்கள் என்றால், அதற்கு முதற்காரணம் எங்கள் குளத்தூர்ப் பெண் ஒருவர். இதைப் பெருமையோடு எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை.

கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரு பள்ளியில் இரண்டு மூன்று ஆசிரியர்கள் இருப்பர். உளவியல் இருக்கும் பள்ளிகளே குறைவு; இருந்தாலும் ஆசிரியர் ஒருவரே. பாடத்தில் ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஆசிரியர் அறையில் ஆளில்லை. கிண்டல் செய்ய மட்டும் பலர் உண்டு.

"டீச்சரே, எனக்க மனசுல இப்ப என்ன இருக்குன்னு சொல்லும் பாப்போம்" என்று வேதியியல் ஆசிரியர் கேட்பாராம்.

"கடைசி பீரியட நைசா எனக்க தலையில கெட்டணும்னு இருக்கு" என்பார் ஸ்ரீகலா.

2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, தம்மைப் போல் தனித்து நின்ற நால்வரைத் தேடிப் பிடித்து ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினார். வினாத்தாள், செய்முறைக் குறிப்பு, வகுப்பில் மாணவர் நிரப்பும் பயிற்சித்தாள் என்று ஒவ்வொருவரும் தம்மிடம் இருந்ததைப் பொதுக் கோப்புறையில் இட்டனர். குழு வளர்ந்தது. கோட்டுகால் ஊரைச் சேர்ந்த விஜயதாஸ் சார் அதை நடத்துவதில் அவருக்குத் துணையானார்.

குழுவுக்கு ஸ்ரீகலா வகுத்த விதி ஒன்றே. ஒரு தாளை எடுத்துப் பயன்படுத்தியவர், அது தம் வகுப்பில் எவ்வாறு நடந்தது என்பதைக் குழுவில் எழுத வேண்டும். நன்றாக நடந்தாலும் எழுத வேண்டும்; சொதப்பினாலும் எழுத வேண்டும். நன்றி சொல்லும் படங்களும் கைகூப்பும் பொம்மைகளும் செல்லா. இந்த விதியாலேயே அக்குழு மற்றக் குழுக்களைப் போல் காலை வணக்கத்தில் கரைந்துவிடவில்லை.

தமிழ்நாட்டுப் பக்கம், களியக்காவிளைக்கு அப்பால் ஒரு பள்ளியில் கற்பிக்கும் பரமசிவன் சார் குழுவில் சேர்ந்த பிறகு, தமிழுக்கென ஒரு கோப்புறை வேண்டும் என்று ஸ்ரீகலா கேட்டார். தமிழ் பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் எல்லையின் இருபுறமும் உண்டு. ஆங்கிலத் தாளைக் கண்டதும் அவர்கள் வாய் மூடிவிடுகிறார்கள் என்பது அவருடைய வாதம். விஜயதாஸ் தயங்கினார். தமிழில் பிழை வந்தால் திருத்துவதற்குக் குழுவில் ஆளில்லை என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஸ்ரீகலாவின் வீட்டு மொழி தமிழே ஆயினும் படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் எழுத்தை வளர்ந்த பிறகு தாமாகவே கற்றுக்கொண்டவர் அவர். இறுதியில், கோப்புறை சில மாதம் இருக்கட்டும், நவம்பரில் இணையவழிக் கூட்டம் நடத்தி முடிவு செய்யலாம் என்று தீர்மானித்தனர்.

தமிழ்க் கோப்புறையின் முதல் தாளை ஸ்ரீகலாவே எழுதினார். "உன்னிடம் அடிக்கடி தோன்றும் மூன்று விகாரங்களை எழுதுக" என்பது அதன் முதற்கேள்வி.

கூட்டம் நடக்கவிருந்த வாரத்தில் பரமசிவன் தொலைபேசியில் அழைத்தார்.

"டீச்சரே, ஒங்க பேப்பர பிள்ளியளுக்கு குடுத்தேன்."

"எங்ஙன இருந்துது சார்?"

"ஒருத்தன் மூக்குன்னு எழுதியிருக்கான். ஒருத்தி பல்லுன்னு. கடைசி பெஞ்சுல ஒருத்தன் எனக்க அண்ணன்னு எழுதி வச்சிருக்கான்."

"அண்ணனா? நான் கேட்டது கோபம், பயம், சந்தோஷம் இதெல்லாமாக்கும்."

"நீங்க கேட்டது விகாரம். மலையாளத்துல அது உணர்ச்சி. எங்களுக்கு விகாரம்னா அவலட்சணம், பாக்கச் சகிக்காத்தது. நானும் சரியா வாசிக்காம குடுத்திட்டேன், எனக்கும் பங்கு உண்டு."

ஸ்ரீகலா தொலைபேசியை வைத்துவிட்டு அச்சொல்லைத் தமக்குள் சொல்லிப் பார்த்தது, அடுத்த அறையிலிருந்த அவர் தாய் உமையம்மாள் காதில் விழுந்தது.

"ஆருக்கு விகாரம்? ஒனக்கா? எவன் சொன்னான் மக்கா? பேரச் சொல்லு, நான் வந்து கேக்கேன்."

அந்த வேளையிலும் ஸ்ரீகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

செய்தியறிந்த விஜயதாஸ் அழைத்தார். கோப்புறையில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஸ்ரீகலாவின் பெயர் கெடுவதை விரும்பாதவர்.

"ஞான் அன்னே பறஞ்ஞதல்லே டீச்சரே, தமிழ் பாக்க ஆளில்லன்னு? சரி, போவட்டும். பேப்பர டெலிட் செய்யுங்க. பரமசிவன் சார் எழுதாம நான் பாத்துக்கிடுதேன்."

"எடுத்தவங்க எழுதணும்னு சட்டம் உண்டே?"

"சட்டம் வச்ச ஆளு நீங்கதானே? அதுக்கு ஒரு நாள் லீவு குடுங்க. ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்காக்கும். இத வெளிய விட்டா ஃபோல்டருக்கு நீங்களே குழி தோண்டி வச்சது மாதிரி."

"லீவு இல்ல சாரே" என்றார் ஸ்ரீகலா.

அன்று மாலையே அவர் குழுவில் எழுதினார். தாளில் தாம் செய்த பிழை இன்னது. அதனால் பரமசிவன் சாரின் மாணவர்கள் தங்கள் முகத்தையும் உடலையும் குறை சொல்லி எழுத நேர்ந்தது. தாள் அழிக்கப்படாது, பிழை குறிக்கப்பட்டு அங்கேயே இருக்கும். வகுப்பில் நடந்ததைப் பரமசிவன் சார் விதிப்படி கூட்டத்தில் சொல்வார். இவ்வளவே. தமிழ்க் கோப்புறைக்காக ஒரு சொல்லும் அவர் பரிந்து எழுதவில்லை.

ஞாயிறு முற்பகல் கூட்டம் கூடியது. விஜயதாஸ் முதலில் பரமசிவனைப் பேச அழைத்தார்.

"பிழை தெரிஞ்ச உடனே பிள்ளியளுக்கக் கிட்ட சொன்னேன், இது மலையாள வார்த்தையாக்கும், உணர்ச்சின்னு அர்த்தம்னு. அப்ப ஒருத்தி எழும்பி, 'அப்படின்னா எங்களுக்க மூக்கெல்லாம் அங்க ஒரு உணர்ச்சியா சார்?' ன்னு கேட்டா. கிளாஸ் முழுக்கச் சிரிச்சுது. பேப்பர நான் வாங்கேல்ல, நடந்து பாத்ததோட சரி. மடிச்சு அவங்கவங்க பையில வைக்கச் சொல்லிட்டேன்."

"அதோட முடிஞ்சுதா?" என்று கேட்டார் விஜயதாஸ்.

"இல்ல சார். பல்லுன்னு எழுதின பிள்ள, 'எனக்க பல்லு மோசம்னு எனக்கே தெரியாது சார், மாமி சொல்லித்தான் தெரியும்' ன்னா. பொறவு ஒவ்வொருத்தரா பேச ஆரம்பிச்சாங்க. சுயம்ங்கிற பாடத்த நான் வருஷா வருஷம் எடுக்கேன். பெல் அடிச்ச பொறவும் பிள்ளியள் எழும்பாத கிளாஸ் அது ஒண்ணுதான்."

கள்ளிக்காடு என்ற ஊரிலிருந்து இணைந்திருந்த தன்யா டீச்சர் கேட்டார்: "பிள்ளியள அவங்களுக்க குறைய எழுத வச்ச அந்தப் பேப்பர் மலையாளத்துல கிடைக்குமா?"

விஜயதாஸ் சிரித்துவிட்டார். "தமிழ் பாக்க ஆளில்லன்னு சொன்னது நானாக்கும். இப்ப பிழை கண்டுபிடிக்க ஆளு வந்தாச்சு. பரமசிவன் சாரே, மாட்டினீங்க. இனி தமிழ்ல வாற பேப்பரெல்லாம் ஒங்க கண்ணு பட்டுத்தான் வெளிய போகும்."

தமிழ்க் கோப்புறை நிலைத்தது. எதிர்த்து ஒரு குரலும் எழவில்லை.

ஸ்ரீகலா அதன்பின் இரண்டு தாள்களை எழுதினார். ஒன்று பழைய தாளே. 'உணர்ச்சி' என்று திருத்தப்பட்டது. மற்றது புதியது, அதில் இரண்டு கேள்விகள் மட்டும் உண்டு. 'உன்னிடம் குறை என்று நீ நினைப்பது எது?' என்பது முதலாவது. 'அதை உனக்கு யார் சொன்னார்?' என்பது இரண்டாவது. விடைத்தாளை ஆசிரியர் வாங்கக் கூடாது, எழுதிய பிள்ளையிடமே இருக்க வேண்டும் என்று அடியில் தடித்த எழுத்தில் இருக்கிறது. இரண்டாவது கேள்வி எங்கிருந்து கிடைத்தது என்று பலரும் கேட்கிறார்கள். தம் அம்மாவிடமிருந்து என்கிறார் ஸ்ரீகலா. விளையாட்டாகச் சொல்வதாக அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள்.

மலையாளத்திலிருந்து வந்த ஒரு சொல்லால் தவறிய தாள், தமிழில் புதிதாய்ப் பிறந்து, மீண்டும் மலையாளத்துக்குப் போக வேண்டியதாயிற்று. இம்முறை தன்யா டீச்சரிடமும் பரமசிவன் சாரிடமும் சொல்லுக்குச் சொல் காட்டிய பிறகே ஸ்ரீகலா நீலகண்டன் அதை வெளியிட்டார். புதிய தாளின் மலையாள வடிவத்தை அவர் பொதுக் கோப்புறையில் இட்டது, 2025 டிசம்பர் 6, சனிக்கிழமை.