கல்லொழுங்கையும் பன்னிரண்டாவது மகஜரும்

எங்கள் ஒழுங்கை பிரதான வீதியில் தொடங்கி ஏரிக்கரையில் முடிகிறது. இடையில் பதினொரு வீடுகள். பள்ளங்களை நான் எண்ணிப் பார்த்ததில்லை. எப்போதோ யாரோ கிறவல் கொட்டியிருக்கிறார்கள். சிவப்பு மண்ணையெல்லாம் மாரி மழை ஏரிக்குள் கொண்டுபோய்விட்டது. கல்லை மட்டும் எங்களுக்கு விட்டுவைத்தது. அந்த ஏரியை ஊரில் ஆறு என்றுதான் சொல்வோம். அது ஓடுவதுமில்லை, ஆழமுமில்லை. நடுவில் நின்று இறால் வலை வீசுகிறவருக்கும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது.

நான் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவன். முப்பது வருடம் ஊரார் அனுப்பும் மகஜர்களுக்கு ‘தங்கள் கோரிக்கை கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது’ என்று பதில் எழுதிப் பிழைத்தேன். கவனத்தில் எடுத்தது எதையும் யாரும் கையில் எடுத்ததாக எனக்கு நினைவில்லை. இளைப்பாறிய பிறகு மகஜர் எழுதுகிறவர்களின் பக்கத்துக்கு மாறினேன். வருடத்துக்கு ஒன்றாகப் பதினொரு மகஜர், எல்லாம் இந்த ஒழுங்கைக்குத் தார் போடச் சொல்லி. நல்ல தமிழில், அடுக்கு மொழியில், கண்ணீர் மல்க எழுதுவேன். பிறகு வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவேன். யாரும் வாசிப்பதில்லை, அது எங்கள் ஒழுங்கையின் வழக்கம். நான் தாளை நீட்டினால் அது றோட்டு மகஜர். வாசித்துப் பார்த்தால் என்னை நம்பவில்லை என்றாகிவிடும். பதினொரு தடவையும் பிரதேச சபையிலிருந்து என்னுடைய பழைய வசனமே எனக்குப் பதிலாக வந்தது.

மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது மூன்று வருடத்துக்கு முன்பு. உள்ளே இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு புதன்கிழமையும் பயிற்சிக்கு ஆசுபத்திரிக்குப் போயாக வேண்டும். ஓட்டோக்காரர்கள் ஒழுங்கையின் வாயைக் கண்டதும் திரும்பிவிடுவார்கள். ஒருவர் மட்டும் உள்ளே வருவார், அதுவும் முணுமுணுத்துக்கொண்டு. கல் டயரில் ஏறும், அவளுடைய இடுப்பில் இறங்கும். வீதிக்கு ஏறும்வரை அவள் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராது, வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். நகை நட்டு என்று வாழ்க்கையில் எதுவும் கேட்காதவள் கேட்டது இந்த றோட்டு ஒன்றைத்தான்.

இந்த நிலையில் கனடாவிலிருந்து அவளுடைய தம்பி வந்து இறங்கினார். கூடவே ஆள் உயரப் பெட்டி ஒன்றும் வந்தது. தொலைக்காட்சிப் பெட்டி என்று நான் மனக்கணக்குப் போட்டு, சுவரில் இடம்கூடப் பார்த்துவைத்தேன். உள்ளேயிருந்து சைக்கிள் வந்தது. கரியர் இல்லை, மட்காட் இல்லை, ஸ்ராண்ட் இல்லை, மணியும் இல்லை. என்னென்ன இல்லை என்று பார்த்துத்தான் அதன் பெருமையை விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இது கெட்ட றோட்டுக்கென்றே செய்த சைக்கிள் என்று மச்சான் விளக்கினார். அங்கே றோட்டெல்லாம் நல்லாயிருப்பதால், சனிக்கிழமைகளில் சைக்கிளைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு, கெட்ட றோட்டைத் தேடி இரண்டு மணித்தியாலம் ஓடுவார்களாம். சொகுசு கூடினால் மனிதருக்கு இப்படியும் ஒரு வருத்தம் வரும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் வழிகாட்டியாக நானும் புறப்பட்டேன். அவர் தலையில் கவசம், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, உடம்போடு ஒட்டிய காற்சட்டை. நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, என் வயதில் பாதியாவது இருக்கும் பழைய சைக்கிளில் ஏறினேன். ஒழுங்கையில் இறங்கியதும் மச்சானுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் சுற்றிப்போகும் பள்ளங்களை அவர் தேடிப்போய் விழுந்தார். ஏரிக்கரைக்கு வந்ததும் இடதுபக்கம் திரும்பி, உடைமரங்களுக்கு நடுவே போகும் அணைக்கட்டில், மரம் மட்டை இல்லாத வல்லை வெளி வரைக்கும் ஓடினோம். சிப்பி கலந்த வெள்ளை மண் சக்கரத்தின் கீழ் நொறுங்கியது. தண்ணீர் அசையாமல் கிடந்தது, நாரைகளும் அப்படியே நின்றன. சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்: எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருடமாக நான் நிமிர்ந்து அந்த ஏரியைப் பார்த்ததில்லை, என் கண் எப்போதும் பள்ளத்தில்தான் இருந்திருக்கிறது.

வல்லை வெளியில் காற்று முகத்தில் அறைந்தது. மச்சான் கியரை மாற்றி மாற்றிப் பார்த்தார். சைக்கிள் நின்ற இடத்திலேயே உழக்குவது போலிருந்தது. அப்போது பின்னாலிருந்து எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரர் வந்தார். ஏரியில் இறால் பிடிக்கிறவர். கரியரில் இறால் பெட்டி, தோளில் வலை, ஒரு கை ஹாண்டிலில், மற்றக் கையில் பீடி. எங்களைக் கடக்கும்போது மச்சானின் சைக்கிளை இரக்கத்தோடு பார்த்தார். “தம்பி, கரியர் இல்லாமலோ தந்தவங்கள்? வாங்கேக்கை கேட்டு வாங்கியிருக்கலாமே,” என்று சொல்லிவிட்டு, நெல்லியடிச் சந்தைக்கு நேரமாகிறதென்று போய்விட்டார். பீடி அணையவேயில்லை.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது மச்சானுக்கு யோசனை பிறந்தது. உலகத்தில் சனம் இப்படியான பாதையைத் தேடி அலையுதாம், எங்களுக்கு அது வாசலிலேயே கிடக்குதாம். இதைச் சைக்கிள் பாதையென்று அறிவித்து ஒரு பலகை நட்டால், அங்கேயிருந்து அவருடைய கூட்டாளிகள் திரள் திரளாக வருவார்களாம். முக்காலியில் காலை நீட்டி வைத்துக்கொண்டிருந்த மனைவி, “தம்பி, உனக்கு உது ஒரு கிழமை. எனக்கு ஒவ்வொரு புதனும்,” என்றாள். அவர் அதைப் பகிடியென்று எடுத்துச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “அத்தான், உங்கடை தமிழிலை எழுதினாத்தான் உது எடுபடும்,” என்றார்.

அந்த வார்த்தையில் நான் விழுந்தேன். ஆனால் முழு மடையனாக விழவில்லை. எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. எங்கள் சனம் எதற்கு அசையாவிட்டாலும் விருந்தினர் முன் வரும் வெட்கத்துக்கு அசையும். கலியாணம் வந்தால்தான் மதிலுக்கு வெள்ளை அடிப்போம், வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால்தான் கக்கூசுக்குக் கதவு போடுவோம். வெள்ளைக்காரன் நாலு பேர் இந்தக் கல்லில் குலுங்கிப் போவதைக் கண்டால் சபைக்கு மானம் போகும், அடுத்த மாதமே தார் வரும் என்று நினைத்தேன். ஆகவே கல்லைப் புகழ்ந்து எழுதுவது, கல்லைக் கிளப்புவதற்கான வழி. இதை மனைவியிடம் சொல்லவில்லை, தார் வந்த பிறகு சொல்லிப் பெருமைப்படலாம் என்று வைத்திருந்தேன்.

எழுத உட்கார்ந்தால் கை நிற்கவில்லை. பதினொரு வருடம் அழுதழுது எழுதியவனுக்குப் புகழ்ந்து எழுதுவது தனிச் சுகமாக இருந்தது. ‘சக்கரத்தின் கீழ் நெறுநெறுக்கும் ஒவ்வொரு கல்லும் எம் மண்ணின் மொழி பேசுகிறது’ என்று எழுதிவிட்டு, அதை நானே நாலு தரம் வாசித்தேன். ‘இதன் கரடுமுரடே எமது செல்வம்’ என்று இன்னொரு வசனம். மச்சான் வற்புறுத்தியதால் கடைசிப் பந்தியில் ‘இப்பாதையின் இயல்பு தாரினால் மூடப்படாது என்றென்றும் பேணப்படல் வேண்டும்’ என்றும் சேர்த்தேன். கடைசிப் பந்தியைக் கந்தோரில் யாரும் வாசிப்பதில்லை. முப்பது வருடம் வாசிக்காமல் இருந்தவன் சொல்கிறேன்.

கையெழுத்து வாங்கும் வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. வழமைபோல முதல் கையெழுத்து மனைவியுடையது. கண்ணாடி எங்கேயோ கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே வைத்தாள். இறால்காரர் இது எத்தனையாவது என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டு என்றேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கையோடு வைத்தார். தாளில் கவிச்சி மணத்தது. ஒருவர்கூட ஒரு வரி வாசிக்கவில்லை. எல்லோரும் தார் கேட்டுத்தான் கையெழுத்து வைத்தார்கள்.

மச்சான் விமானம் ஏறி மூன்று கிழமையில் பதில் வந்தது. என் வசனம் இல்லை, புது வசனம்: ‘தங்கள் கோரிக்கை சபையால் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது.’ எனக்கு மயிர் கூச்செறிந்தது. அடுத்த கிழமையே பலகையோடு ஆட்கள் வந்தார்கள். ஒழுங்கை வாயில் ‘இயற்கை மிதிவண்டிப் பாதை’ என்று பச்சை எழுத்தில் நட்டார்கள். கூட வந்த தொழினுட்ப உத்தியோகத்தர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“இந்த வருசம் தார் போடுற லிஸ்ற்றிலை உங்கடை ஒழுங்கை ரெண்டாவதாக் கிடந்தது ஐயா,” என்றார். “தார்ப் பரலும் வந்திட்டுது. உங்கடை கடிதத்தை வாசிச்சாப் பிறகு எங்களுக்கு மனம் வரேல்லை. கடைசிப் பந்திதான் திறம்.”

அந்தத் தார் எங்கே போனது என்று கேட்டேன். பின்பக்கத்து ஒழுங்கைக்குப் போயிருந்தது. அங்கே ஆறு வீடு, அதில் ஐந்துக்குப் பூட்டு, ஆட்களெல்லாம் வெளிநாட்டில். நான் போய்ப் பார்த்தேன். வழவழவென்று கறுப்பாகக் கிடந்தது. நடுவில் மூன்று நாய்கள் படுத்திருந்தன, எழும்ப வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை.

அன்று பின்னேரம் ஒழுங்கை முழுக்க என் வாசலில் நின்றது. சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இறால்காரர் மட்டும் கதைத்தார்: “பதினொரு தரம் வேணும் எண்டு அழுதம், தரேல்லை. ஒருக்கா வேண்டாம் எண்டம், உடனை தந்திட்டாங்கள்.” பதின்மூன்றாவது மகஜரை எழுதி நானே கொண்டுபோனேன். அலங்காரம் எதுவும் வைக்கவில்லை. உத்தியோகத்தர் கோப்பைத் திறந்து, மண்ணின் மொழி பேசும் கல்லை எனக்கே வாசித்துக் காட்டினார். ஊர் முழுக்கக் கையெழுத்து வைத்துக் கேட்டதை ஒரு மாதத்தில் எப்படி மாற்றுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி, நான் அந்தக் கதிரையில் இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். கோரிக்கையைக் கவனத்தில் எடுப்பதாகச் சொன்னார்.

கனடாவிலிருந்து மச்சான் தான் ஓடிய ஓட்டத்தை வீடியோவாக அனுப்பினார், பாட்டெல்லாம் போட்டு. அடுத்த வருடம் ஒன்பது பேர் வருகிறார்களாம். ஒரு கல்லையும் கிளப்ப விடவேண்டாம் என்று கீழே எழுதியிருந்தார்.

 மனைவி மகஜரின் பிரதியை எடுத்துத் தரச் சொன்னாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, யன்னலடியில் இருந்து முழுக்க வாசித்தாள். திருப்பி முதலிலிருந்து வாசித்தாள். நான் என் கணக்கைச் சொல்லத் தொடங்கினேன், அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. 

புதன்கிழமை வந்தது. ஓட்டோக்காரர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தார். அவளைத் தூக்கி ஏற்றிவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். முதல் பள்ளத்தில் விழுந்து எழும்பியபோது அவள் சேலைத் தலைப்பைக் கடிக்கவில்லை. நேரே பார்த்தபடி, “சக்கரத்தின் கீழ் நெறுநெறுக்கும் ஒவ்வொரு கல்லும்,” என்றாள். அடுத்த பள்ளத்தில், “எம் மண்ணின் மொழி பேசுகிறது.” ஓட்டோக்காரர் முன்கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். அதற்கடுத்த பள்ளத்தில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது; ஆனாலும் கரடுமுரடே எமது செல்வம் என்பதை முடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள். பலகைக்கு முன்னால் இருக்கும் பெரிய பள்ளத்தில் என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டு கடைசிப் பந்தியைச் சொன்னாள், ஒரு சொல் விடாமல். பதினொரு மகஜருக்கும் கண்ணாடி போடாமல் கையெழுத்து வைத்தவள். என் எழுத்தில் அவள் முழுதாகப் படித்ததும், பாடமாக்கியதும் இந்த ஒன்றைத்தான்.