ஐந்தடித் தொட்டிக்கு நான் சொன்ன பில்டர்

ஐந்தடி மீன் தொட்டிக்குச் சின்ன பில்டரே போதும் என்று போன மாதம் இங்கே நீளமாக எழுதியிருந்தேன். அப்போது என் தொட்டியில் மீன் விட்டிருக்கவில்லை.

இப்போது தண்ணீர் கலங்கி, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. பெரிய பில்டர் வாங்க இன்று கண்டியில் வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். அதை உங்களிடம் சொல்லும் எண்ணம் இருக்கவில்லை.

எனக்கு முன்னால் குண்டசாலையிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் நின்றார்.

"பேஸ்புக்ல ஒருத்தர் எழுதுனத நம்பி சின்னத வாங்குனேன், அண்ணே. மகளோட மீனெல்லாம் செத்துப் போச்சு."

"அந்தாளு மீனே வளத்திருக்க மாட்டான், டீச்சர்," என்றார் கடைக்காரர். "ஒரு மணித்தியாலத்துக்குள்ள மொத்தத் தண்ணியும் நாலு தடவையாச்சும் பில்டருக்குள்ள போய் வரணும்."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் அத வாசிச்சீங்களா?"

"ஆமாங்க," என்றேன். பொய்யில்லை. எழுத்துப்பிழை பார்ப்பதற்காக இரண்டு முறை வாசித்தேன்.

கடையில் பெரிய பில்டர் ஒன்றுதான் இருந்தது.

"ஒங்க மீன் உசுரோட இருக்குல்ல? நீங்க எடுங்க. நாங்க இனித்தான் புதுசா மீன் வாங்கணும்," என்றார் டீச்சர்.

எடுத்துக்கொண்டேன்.

பில்டர் ஓடுகிறது. மீன்கள் கீழே இறங்கிவிட்டன. டீச்சர், இதை வாசித்தால் நாலு வார்த்தை திட்டி எழுதுங்கள். மற்றவர்கள் இன்று லைக் போட வேண்டாம்.