முதல் பொட்டலம் அக்கா கையால்

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, கூடப் பிறந்தவள் நீதானே என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். அக்காவின் பொறுமையையும் அடக்கத்தையும் ஊரே சொல்லும். நான் அக்காவைப் பார்த்து வயிறெரிந்தவள். அதை மறைத்து எழுதினால் அக்காவே நம்ப மாட்டார்.

அக்கா பிறந்தது செந்துறையில், அம்மாவின் பிறந்த வீட்டில். வளர்ந்தது அரியலூரில். அங்கே ஒரு சினிமா கொட்டகையின் மதிலை ஒட்டி எங்கள் அப்பாவின் மிட்டாய்க் கடை. லட்டு, மைசூர்பாகு, காராபூந்தி, கூட்டம் பெருத்தால் சுடச்சுட ஜிலேபி. இடைவேளை மணி அடித்ததும் கடை முன்னால் ஒரே தள்ளுமுள்ளு. பாட்டும் சண்டையும் சுவர் வழியாக எங்களுக்கு இலவசம். பள்ளிக்கூடத்தில் எங்களைப் பார்த்து ஏங்காத பிள்ளை கிடையாது. எனக்கு அந்தப் பெருமை போதவில்லை. எனக்கு வேண்டியது போணி.

அன்றைய முதல் பொட்டலத்தை அக்காதான் மடித்துக் கொடுக்க வேண்டும். பெரியவளுக்குக் கைராசி என்பார் அப்பா. படம் மாறும் வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்துக்கே ஆள் அனுப்பி, சாப்பாட்டு மணி அடித்ததும் அக்காவை மட்டும் சைக்கிளில் ஏற்றிவரச் சொல்வார். நான் வேகாத வெயிலில் பின்னாலேயே ஓடுவேன். போய்ச் சேரும்போது போணி முடிந்து, அக்கா லட்டு தின்றுகொண்டிருப்பார். எனக்கும் லட்டு உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது சும்மா கொடுத்த லட்டு.

ஒரு வெள்ளிக்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் அப்பா என்னைக் கூப்பிட்டார். தலை சீவி, புதுப் பாவாடை கட்டிக்கொண்டு போய் முதல் பொட்டலத்தை மடித்துக் கொடுத்தேன். அன்றைக்கென்று பார்த்துத் திருச்சியிலிருந்து வர வேண்டிய படப்பெட்டி வரவில்லை. காட்சி ரத்து. கூட்டம் கலைந்தது. தாம்பாளம் தாம்பாளமாகச் செய்து வைத்ததெல்லாம் அப்படியே கிடந்தது. பெட்டியை அனுப்பாதவர் யாரோ, பழி என் கைக்கு. அப்பா என்னைத் திட்டவில்லை. அம்மாவிடம் மெதுவாக, "சின்னவள இனிமே போணிக்கு அனுப்பாத," என்றார். என் காதில் விழுந்துவிட்டது.

வேண்டுமென்றேதான் காய்ச்சலில் படுத்தாய் என்று அக்காவிடம் சண்டைக்குப் போனேன். போர்வைக்குள்ளிருந்து பதிலே இல்லை. அந்த அமைதியைத்தான் எல்லோரும் பொறுமை என்று மெச்சுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா பெரியவளானதும் கடைக்குப் போவது நின்றது. இனி நான்தான் என்றிருந்தேன். அப்பா என்ன செய்தார் தெரியுமா? வீட்டிலேயே அக்கா கையால் ஒரு பொட்டலம் மடித்து வாங்கிப்போய் முதல் ஆளுக்கு விற்றார்! அரும்பாவூருக்கு வாழ்க்கைப்பட்ட பிறகும், தீபாவளிக்கு அக்கா பஸ்ஸை விட்டு இறங்கும்வரை வியாபாரம் தொடங்காது. அக்காவின் கணவர் சின்ன வயதிலேயே காலமான வருஷம், இனி அவள் கை போணிக்கு ஆகாது என்று சொந்தக்காரர்கள் சிலர் வாய் கூசாமல் சொன்னார்கள். அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அக்கா வந்து மடித்துக் கொடுத்த பிறகுதான் கடை நடந்தது. அன்று அப்பாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. பொறாமையும் இருந்தது.

வயலையும் மாட்டையும் ஒற்றை ஆளாகப் பார்த்து, அக்கா தன் மகனை ஆளாக்கினார். வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. என் பிள்ளைகளே லீவு விட்டால் பெரியம்மா வீட்டுக்குத்தான் போவோம் என்று நிற்கும். பெற்றவள் நான் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பாவோடு எங்கள் கடை போயிற்று. கொட்டகை இப்போது கல்யாண மண்டபம். போன வருஷம் அக்காவின் மகன் பெரம்பலூரில் ஸ்வீட் கடை வைத்தான். நாள் குறித்த பிறகு அக்கா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். திறப்பன்று உறவுக் கூட்டத்தில் நான் ஓரமாக நின்றேன். அவன் நேரே என்னிடம் வந்தான்.

"சித்தி, மொதப் பொட்டலம் நீங்கதான் மடிக்கணும்."

என் கை ராசியில்லாத கை, வேறு ஆளைப் பார் என்றேன்.

"அம்மா சொல்லி அனுப்பியிருக்காங்க. அவ வாயத் தொறந்து கேக்க மாட்டா, நீதான் கூப்புடணும்னு சொன்னாங்க."

மடித்துக் கொடுத்தேன். கடை நன்றாக நடக்கிறது. அக்கா அதைப் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவேயில்லை.

அங்கே முறை வைத்துக் கூட இருந்த அரும்பாவூர் அக்கம்பக்கத்தாருக்கும், கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த உறவுகளுக்கும், கடைசிவரை கூட நடந்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவுக்கு மட்டும் நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பாவே தராததை ஒரு வார்த்தையில் எனக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அப்போதும் கொடுக்கிற இடம் அக்காவுக்குத்தான், வாங்குகிற இடம் எனக்கு. இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது.