எடுக்கட்டுமா தாயி?

கடந்த ஆண்டு சாரல் சீசன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. குற்றாலம் மெயினருவிப் பக்கம் நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் சேர்ந்தபின் எனக்கு அதுதான் முதல் சீசன். தென்காசியில் மாமியாரிடம் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்திருந்தேன். பால் குடித்தாளா, அழுகிறாளா என்று அடிக்கடி போன் செய்து அவரிடம் திட்டும் வாங்கியாயிற்று.

மதியம் நேந்திரம் சிப்ஸ் கடை முன்னால் ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், எண்ணெய் வழியும் தலையும் நனைந்த கவுனுமாக, நாலு வயதிருக்கும் ஒரு சிறுமி விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள். சுற்றிலும் போன்கள்! ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளோ இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்தக் கைகளைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. அப்பா இறந்தபின் என் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டவர், ஒரு தொண்டு நிறுவனம் வழியாக உதவிய முகம் தெரியாத ஒருவர். அவர் இல்லாவிட்டால் இன்று இந்த வேலையில் நான் இல்லை. ஆனால் ஆண்டுதோறும் அவர் அனுப்பிய பரிசைப் பிடித்தபடி படத்துக்கு நிற்க வேண்டும். அழுதாலும் சிரிக்கச் சொல்வார்கள். ஒருமுறை அந்தப் படம் விழா பேனரில் வந்துவிட்டது. பள்ளி முடியும்வரை எனக்குப் பெயர், “ஏட்டி பேனரு!”

“யாரும் படம் எடுக்காதீங்க! எடுத்ததை அழிச்சிருங்க!” என்று கத்தினேன்.

சிப்ஸ் கடை அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னம்மா நீங்க, நல்லது செய்ய வந்தா தடுக்கீய? குரூப்ல போட்டா இப்பமே அவ அம்ம ஓடி வந்துருவா!”

“அம்மா மட்டுமா பாப்பாங்க அண்ணாச்சி? படத்தைப் பாத்துட்டு வேற யாராவது, எம்பிள்ளதான்னு வந்து நின்னா?”

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனைப் பைக்குள் போட்டார். என் பிடிவாதத்தால் இவள் அம்மா கிடைக்காமல் போய்விட்டால்?

தரையில் உட்கார்ந்தேன். பெயர் கேட்டால் இன்னும் அழுதாள். “எதுல வந்தீங்க பாப்பா?” என்றதும் விக்கல் நின்றது.

“வண்டில. எலுமிச்சங்கா மூட்ட மேல.”

“அட, எலுமிச்சங்கான்னா புளியங்குடி லோடு வண்டில்லா!” என்று அண்ணாச்சி குதித்தார்.

அங்கே பணியில் இருந்த பெண் காவலரிடம் சொல்லி, குழந்தை என்ற பேச்சையே எடுக்காமல், எலுமிச்சை வண்டியில் வந்தவர்கள் உடனே வரவும் என்று மைக்கில் அறிவிக்கச் செய்தேன். யாரும் வரவில்லை. அருவி இரைச்சலில் மைக் எங்கே கேட்கும்! அண்ணாச்சி கடையை அப்படியே போட்டுவிட்டு, பெண்கள் குளிக்கும் பக்கத்துக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தினார். “எலுமிச்சங்கா வண்டில வந்தவுக யாரு? ஏ எலுமிச்சங்கா!”

சொட்டச் சொட்ட நனைந்தபடி ஒரு பெண் ஓடிவந்தாள். குழந்தையைத் தூக்கப் போனவளைக் கைநீட்டித் தடுத்தேன். “பிள்ளை பேரு என்ன? காலைல என்ன சாப்பிட்டா?”

“எம்பிள்ளய எங்கிட்டயே வெலாசம் கேக்கியளா!” என்று அவள் சீறுவதற்குள், சிறுமி “அம்மா!” என்று அவள் இடுப்பில் தொற்றிக்கொண்டுவிட்டாள். கூட்டமே கைதட்டியது. நானும் சின்னப்பிள்ளை போலக் குதித்தேன்!

அண்ணாச்சி ஒரு சிப்ஸ் பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டு என்னைப் பார்த்தார். “இப்பமாவது ஒரு படம் எடுக்கலாமாம்மா?”

“என்னைக் கேக்காதீங்க. அவளைக் கேளுங்க.”

அவ்வளவு பெரிய மனிதர் குனிந்து கேட்டார். “எடுக்கட்டுமா தாயி?”

அவள் சிப்ஸை மென்றுகொண்டே யோசித்தாள். பிறகு பலமாகத் தலையை ஆட்டினாள். “வேண்டாம்.”

“சரி தாயி, உத்தரவு!” என்று சிரித்தபடி போனை உள்ளே வைத்துவிட்டார். என்னிடம் யாருமே கேட்டிராத கேள்வி அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அன்றிலிருந்து, இன்னும் பேச்சு வராத என் மகளிடமும் கேட்டுவிட்டுத்தான் போனைத் தூக்குவேன். “உனக்குக் கிறுக்குத்தான்” என்பார் மாமியார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. போன வாரம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல்முறையாக “ணாம்” என்றாள். எடுக்காமல் விட்ட அந்தப் படம்தான், என்னிடம் இருக்கும் அவள் படங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது.