மஞ்சப்பையில் ஒரு சேலை

தொண்ணூறுகளில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்குச் சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் ஓர் அரவாணி வருவார். நெடிய உடம்பு, நரைத்த கொண்டை, கையில் மஞ்சப்பை. அரவாணிகளில் ஒருத்தியை யாரோ சீரழித்துப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவார். எதையும் விசாரிக்க மாட்டார். அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருந்து, பையிலிருக்கும் துவைத்த சேலையைக் கட்டிவிடுவார்.

"எப்பவும் சேலையோட வாறியளே, ஏன்க்கா?" என்று ஒருநாள், அவர் ஒருத்திக்குச் சேலை கட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"என்னையும் இங்கனதான் கொண்டாந்து போட்டாவ, சிஸ்டர். கிழிஞ்ச சேலைக்குப் பதிலா வேட்டியக் குடுத்தாவ. அதக் கட்டிக்கிட்டு பஸ்ல போனது இன்னும் ஆறல."

அரவாணிகளைச் சேர்க்கும் ஆண்கள் வார்டு அலமாரியில் வேட்டிதான் இருக்கும். எடுத்துக் கொடுப்பது என் வேலை. அன்று கொடுத்தது நானா? அவர் முகத்தில் தேடினேன். அவர் குனிந்து, அந்தப் பெண்ணின் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.