எல்வியோவின் கம்பித் தட்டு

என் கணவர் எல்வியோ பால் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவர். ரஃபேலா ஊரில் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் இருபது வருஷமாக ஞாயிறு விருந்து. இறைச்சி சுடுவது அவர். சாப்பிட்டு முடிந்ததும் எல்லோரும் "சுட்டவருக்கு ஒரு கைதட்டல்!" என்பார்கள். வாரம் முழுவதும் அவர் உயிர் வாழ்வதே அதற்காக என்று எனக்குத் தோன்றும்.

எல்லோரும் போனதும், சூடு ஆறுவதற்குள் இறைச்சி சுட்ட கம்பித் தட்டைத் துடைப்பார். முதலில் கம்பி பிரஷ். பிறகு கசக்கிய செய்தித்தாள். அதன்பின் முள்கரண்டியில் குத்திய பாதி வெங்காயத்தால் ஒவ்வொரு கம்பியாகத் தேய்ப்பார். கடைசியில் துரு பிடிக்காமலிருக்க மாட்டுக்கொழுப்பை மெல்லிசாகப் பூசுவார். என்னைக்கூடத் தொடவிட மாட்டார்.

போன வசந்தத்தில் அவருடைய தங்கை இர்மாவின் கணவர் டெல்மோ புது அடுப்பு கட்டினார். அதில் எவர்சில்வர் தட்டு. கம்பிக்குப் பதில் சாய்ந்த வாய்க்கால்கள். உருகும் கொழுப்பு அதில் ஓடி முன்பக்கத் தொட்டியில் விழும். அந்த ஞாயிறு விருந்து அவர்கள் வீட்டில்; கைதட்டல் டெல்மோவுக்குக் கிடைத்தது. என் கணவர் தன் சாப்பாட்டுத் தட்டில் இருந்த விலா எலும்பைத் தொடவே இல்லை.

"உப்பு கம்மி," என்றார், வீட்டுக்கு நடக்கும்போது.

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப நீ அங்கேயே இருந்திருக்கலாமே!"

மறுவாரம் டெல்மோ வாசலில் வந்து நின்றார். "மச்சான், இந்த வாய்க்காலை எப்படிச் சுத்தம் பண்றது?"

"தொடாதீங்க மாப்பிள்ளை. அந்தக் கொழுப்புதான் அதுக்குக் காவல்."

நான் அடுப்படியில் இருந்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து இர்மாவின் பிறந்தநாள் வந்தது. டெல்மோ நெருப்பு மூட்டியதும் பழைய கொழுப்பு குப்பென்று பற்றிக்கொண்டது. முற்றமெல்லாம் சிக்கு நாற்றம். இறைச்சியை நாய்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்தது. இர்மா கேக்கை வெட்டிவிட்டு உள்ளே போய் அழுதாள். இவர் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அழுகைச் சத்தம் கேட்டதும் அது காணாமல் போனது.

மறுநாள் காலை பிரஷ், வெந்நீர், சாம்பலோடு அங்கே போனார். நானும் கூடவே போனேன்.

"மாப்பிள்ளை, நான்தான் வேணும்னே தப்பாச் சொன்னேன்."

"தெரியும் மச்சான். நீங்க வாராவாரம் தேய்க்கிறதை இர்மா நேத்து சொன்னா. ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

"உங்களுக்குக் கை தட்டினாங்க."

டெல்மோ கருகிய வாய்க்கால்களைக் கையால் காட்டினார். பிறகு, "என் பொண்டாட்டியை அழ வெச்சுட்டீங்க. நீங்களே தேயுங்க," என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

மத்தியானம் வரை இவர் தேய்த்தார். கடைசி வாய்க்காலுக்கு டெல்மோவும் ஒரு துணியோடு குனிந்தார்.

திரும்பும்போது இவர் சொன்னார்: "நல்ல தட்டுதான். நம்மளுதைவிட நல்லாருக்கு."

பல் பிடுங்கிக்கொண்டவரைப் போல இருந்தது முகம்.