அல்சூரில் விழுந்த இங்கிலீஷ் கோல்

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, பெங்களூரில் அல்சூர் பக்கத்து மைதானம் ஒன்றில் ஒரு கோல் விழுந்தது. அடித்தவன் பெயர் எனக்குத் தெரியாது. விழுவதற்குக் காரணம் யார் என்று மட்டும் நன்றாகத் தெரியும்.

அடியேன்தான்.

இருங்கள், சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் கத்திக்கொள்கிறேன். வயிறு எரிகிறது.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஜோகுபாளையத்தில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இங்கிலாந்தில் யாரோ பதினோரு பேர் உதைக்கிற பந்துக்காகப் பல வருஷமாக ரத்தக் கொதிப்பை வளர்த்துவருபவன் நான். எந்த டீம் என்று கேட்காதீர்கள். ஒரே ஒரு முறை இந்தப் பத்தியில் பெயரைச் சொன்னேன். எதிர் டீம் வாசகர்கள் எழுதிய கடிதங்களை ஆசிரியர் ஒரு பையில் போட்டு வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். அன்றிலிருந்து ‘நம்ம டீம்’ என்று மட்டும்தான் எழுதுகிறேன்.

அதற்கும் ஒரு வாசகர் கோபித்துக்கொண்டார். “அது என்ன சார் நம்ம? நீங்கள் லண்டனா?” என்று கேட்டிருந்தார். என்ன செய்வது, பெங்களூரில் இருந்து இருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். கன்னடத்தில் எல்லாமே ‘நம்ம’தான். தமிழில்தான் ‘நம்ம’ வேறு, ‘எங்க’ வேறு. ‘நம்ம’ என்றால் கேட்கிறவனும் உள்ளே. ‘எங்க’ என்றால் அவன் வாசலுக்கு வெளியே. இந்த வித்தியாசம் எவ்வளவு சுடும் என்று எனக்குப் பத்து நாளைக்கு முன்புதான் தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

முதலில் நம்ம டீம்.

இந்த சீசனில் முதலாளி மாறினார். புது ஆள் எந்த நாட்டுக்காரர் என்பதில் எனக்கு வழக்கில்லை. முதல் நாளே கழுத்தில் டீம் ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு, சின்ன வயசிலிருந்தே இந்த டீம் என் உயிர் என்றார் பாருங்கள்... அந்த ஸ்கார்ஃபின் விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. டிவியில் நானே பார்த்தேன்.

அப்புறம் மேனேஜர். “அவர் மேல் எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது” என்றது நிர்வாகம். கால்பந்தில் இதைவிடப் பயங்கரமான வாக்கியம் கிடையாது. செவ்வாய்க்கிழமை முழு நம்பிக்கை. வியாழக்கிழமை மனுஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடக்கிறார். எங்கள் ஆபீஸில் பியூன் ஒருவரைச் சீட்டு மாற்றவே மூன்று மெமோ வேண்டும், ஒரு யூனியன் கூட்டம் வேண்டும்!

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கேப்டன் செய்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஜனவரியில் அங்கே ஒரு ஜன்னல் திறப்பார்கள். ஆட்களை வாங்க, விற்க. டிசம்பரில் கோல் அடித்துவிட்டு சட்டையிலிருந்த சின்னத்தை முத்தமிட்ட நம்ம கேப்டன், ஜனவரியில் அந்த ஜன்னல் வழியாகவே எகிறிக் குதித்துவிட்டார். போனது எங்கே? மேலே முதல் மூன்று இடத்தில் இருக்கும் டீமுக்கு. ஏன் போனாராம்? ‘புதிய சவால்’ தேவைப்பட்டதாம்.

சவாலாம், மண்ணாங்கட்டி! ஜெயிக்கிற டீமுக்குப் போவதில் என்னய்யா சவால்? மூழ்கிக்கொண்டிருக்கிற டீமில் நிற்பதல்லவா சவால்?

இங்கிலாந்தின் நாட்டு டீமோ, வருகிற ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதியே பெறவில்லை. அதைப்பற்றி உட்கார்ந்து யோசிப்பார்கள் என்று பார்த்தால், வேறு ஒரு யோசனை வருகிறது. லீகில் ஒரு ரவுண்டை வெளிநாட்டு நகரங்களில் கொண்டுபோய் ஆடலாமாம். எங்கள் ஊர் டீமை ஊரைவிட்டுத் தூக்கிக்கொண்டு போவதா என்று அங்கே ரசிகர்கள் கொதிக்கிறார்கள். நியாயமான கொதிப்பு. பேப்பரில் அடிபட்ட ஊர்களில் பெங்களூர் இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். இல்லை. எனவே நானும் கொதிக்கிறேன்.

கடைசியாக, நேரம். டிவிக்காரர்களுக்கு வசதி என்று ஆட்ட நேரத்தை இஷ்டத்துக்கு மாற்றுகிறார்கள். நமக்கு சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு வரவேண்டிய ஆட்டத்தை, ஞாயிறு சாயங்காலம் ஐந்தரைக்குத் தூக்கிப் போட்டார்கள்.

வினை அங்கேதான் பிடித்தது.

என் மச்சான் செல்வம். மனைவி மல்லிகாவின் தம்பி. கோலார் தங்கவயலில் பிறந்தவன். அப்பாவுக்குச் சுரங்க வேலை. சுரங்கத்தை மூடிய பிறகு குடும்பத்தோடு பொம்மனஹள்ளிக்கு வந்து, கார்மென்ட்ஸ் ஃபேக்டரி ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறான். வயசு முப்பத்தொன்பது. ஓசூர் ரோடு பக்கம் குடியேறிய தங்கவயல் ஆட்கள் சேர்ந்து, சுரங்கக் குழியின் ஞாபகமாக ‘ஷாஃப்ட் லெவன்’ என்று ஒரு டீம் வைத்திருக்கிறார்கள். அதில் செல்வம்தான் கோல்கீப்பர். ஆறு வருஷம் அடிமட்டத்தில் புரண்டு, போன வருஷம்தான் ஒரு டிவிஷன் மேலே ஏறினார்கள்.

இத்தனை வருஷத்தில் அவன் ஆடி நான் ஒரு மேட்ச் பார்த்ததில்லை. சீமையில் கோல்கீப்பர் தும்மினால் எனக்குத் தெரியும். சொந்த மச்சான் எந்தக் காலால் பந்தை உதைப்பான் என்று தெரியாது.

அந்த வாரம் வீட்டுக்கு வந்தான்.

“மாமா, ஞாயித்துக்கிழமை கடைசி மேட்ச். டிரா பண்ணா போதும், டிவிஷன்ல நிப்போம். தோத்தா இறங்கிடுவோம். எப்படியோ, இத்தோட நான் கிளவுஸைக் கழட்டிடறேன். முட்டி ஒத்துழைக்கல. ஒரு தடவையாச்சும் வாங்க மாமா.”

“எத்தனை மணிக்கு?”

“நாலேகாலுக்கு.”

என் முகம் போன போக்கை மல்லிகா பார்த்துவிட்டாள். “வருவாரு. நீ போடா” என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பீல் கிடையாது.

பிரேசர் டவுனில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கரீம் என் பால்ய நண்பன். நம்ம டீமின் இன்னொரு நோயாளி. அவனிடம் ஏற்பாடு செய்துகொண்டேன். அவன் டிவி பார்ப்பான். முக்கியமாக ஏதாவது நடந்தால் எனக்குப் போன் அடிப்பான்.

மைதானத்தில் புல் என்று ஒன்றும் இல்லை. பார்க்க வந்தவர்கள் இருபது பேர், இரண்டு நாய்கள். என்னைப் பார்த்ததும் செல்வத்தின் முகத்தில் வந்த சிரிப்பைச் சொல்ல வேண்டும். “டேய், எங்க மாமாடா! பத்திரிகைல எழுதறாரே, அவரு!” என்று டீம் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினான். மச்சானுக்குப் பக்கத்தில் நிற்கலாமே என்று கோல் போஸ்ட்டுக்குப் பின்னாலேயே போய் நின்றுகொண்டேன். பாசம்!

சும்மா சொல்லக்கூடாது. ஆட்டம் பிரமாதம். அந்த முட்டியை வைத்துக்கொண்டு செல்வம் இரண்டு தடவை பாய்ந்து தடுத்தான். செம்மண்ணில் முழங்கை உரிந்து ரத்தம். துடைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். முதல் பாதி பூஜ்யம்–பூஜ்யம். இரண்டாவது பாதியிலும் அதேதான். சத்தியமாகச் சொல்கிறேன், ஐந்தரை மணியானதே எனக்கு உறைக்கவில்லை.

ஆறு மணிக்கு இன்னும் நாலு நிமிஷம். ஆட்டமும் அத்தோடு சரி. நாலு நிமிஷம் தாக்குப்பிடித்தால் போதும். வெளிச்சம் மங்க ஆரம்பித்தது.

போன் அடித்தது. கரீம்.

“அரே, அரைமணி நேரத்துல மூணு வாங்கிட்டானுங்கடா! இப்ப நாலாவதுக்குப் பெனால்டி. என்னால முடியாது. டிவியைத் தூக்கிட்டேன், பாரு. வெளிய வீசப் போறேன்!”

பின்னணியில் அவன் மனைவி அலறுவது கேட்டது. அவன் சொன்னால் செய்வான். போன உலகக் கோப்பையில் ஒரு ரேடியோ போயிருக்கிறது.

“விடு!” என்று கத்தினேன். “விடு! விடு!”

இங்கே ஒரு தொழில் ரகசியம். நம் பக்கத்து டீம்களில் கோல்கீப்பர் பந்தை எடுக்க வந்தால், முன்னால் நிற்கும் டிஃபெண்டரைப் பார்த்து ஒரே வார்த்தைதான் கத்துவார். ‘விடு!’ பந்தை நீ தொடாதே, நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். கேட்ட மாத்திரத்தில் விட்டுவிட வேண்டும். யோசிக்கக்கூடாது. அதுதான் ஒழுங்கு.

அந்த நேரம் பார்த்து உயரமாக ஒரு பந்து வந்தது. செல்வத்துக்கு முன்னால் நின்ற டிஃபெண்டர் பிரான்சிஸ், நல்ல உழைப்பாளி, அதைத் தன் காலடியில் அழகாக வாங்கிவிட்டான். ஒரு உதை உதைத்தால் பந்து அல்சூர் ஏரிக்கே போயிருக்கும். பின்னாலிருந்து குரல் வருகிறது. விடு! விடு!

விட்டான். மரியாதையாகக் காலைத் தூக்கி வழியும் விட்டான்.

செல்வம் கோட்டிலேயே நின்றுகொண்டிருக்கிறான். நடுவில் பந்து உருளுகிறது, அனாதையாக. எதிர் டீமின் ஒன்பதாம் நம்பர் சட்டைக்காரன் அதை நம்ப முடியாமல் பார்த்துவிட்டு, மெதுவாகத் தட்டி உள்ளே விட்டான்.

“ஏன்டா விட்ட?” என்று அலறினான் செல்வம்.

“நீதானேண்ணா விடுன்ன!”

“நான் எங்கடா சொன்னேன்?”

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அப்புறம் மற்ற ஒன்பது பேரும் திரும்பினார்கள். ரெஃபரியும் திரும்பினார். காதில் போனோடு நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கரீம், “சரிடா, கீழ வெச்சிட்டேன்” என்றான்.

கோல், கோல்தான் என்றார் ரெஃபரி. ஒன்று–பூஜ்யம். அப்படியே முடிந்தது.

ஓடிப் போனேன். “செல்வம், நாம ஒரு அப்பீல் எழுதிக் குடுக்கலாம்பா. நான் எழுதறேன். நாம...”

கிளவுஸைக் கழற்றிக்கொண்டே சொன்னான். சத்தம் போடவில்லை. “எங்க டீம் இறங்கிடுச்சு மாமா. நீங்க வீட்டுக்குப் போங்க. மேட்ச் ஓடிட்டிருக்கும்.”

எங்க டீம்.

இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் ‘எங்க மாமா’ என்று கூப்பிட்டுக் காட்டிய அதே வாய். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அழுகை வந்துவிட்டது, சார். நடு மைதானத்தில், இந்த வயசில்.

வீட்டில் மல்லிகா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அந்த இங்கிலீஷ்காரன் தோத்தா, அங்கேருந்து யாராச்சும் உங்களுக்குப் போன் பண்ணி ‘விடு, போகட்டும்’னு சொல்லியிருக்காங்களா?” அதோடு பேச்சு நின்றது. ஒரு வாரம் உப்புமா.

நம்ம டீம் அன்றைக்கு வாங்கியது ஐந்து. புது மேனேஜர் மேல் முழு நம்பிக்கை இருக்கிறதாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து பொம்மனஹள்ளிக்குப் போனேன். சீமையில் நம்ம டீம் மேட்ச் நடந்துகொண்டிருந்த நேரம். பரவாயில்லை என்று போனேன். மாடிப்படியில் உட்கார்ந்து செல்வம் எதையோ தைத்துக்கொண்டிருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தால், கிளவுஸ். கழற்றி எறியப்போவதாகச் சொன்ன அதே கிளவுஸ்.

என்ன பேசுவது? “நான்... அந்தப் போன்...” என்று இழுத்தேன்.

“விடுங்க மாமா” என்றான்.

“இல்லப்பா, என்னாலதானே...”

“விடுங்க. நானும் வெளிய வந்திருக்கணும். கோட்டுலயே நின்னுட்டேன்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். “பிரான்சிஸ்தான் பாவம். இப்ப வீட்டுல அவன் பொண்டாட்டி ‘விடுங்க’ன்னா கூடப் பயப்படறானாம்.”

சிரித்துவிட்டோம். பிறகு மெல்லக் கேட்டேன், “நிறுத்திக்கறேன்னு சொன்னியேப்பா?”

“இறங்கின டீமை விட்டுட்டு எப்படி மாமா போறது? அசிங்கமா இருக்காது? மறுபடி ஏத்தி விட்டுட்டுத்தான் போகணும்.”

அவன் அதைப் பெரிய வசனமாகச் சொல்லவில்லை. மின்விசிறி ரிப்பேர் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னான். எனக்கு அந்த ஜன்னல் கேப்டனின் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து இந்த மாடிப்படியில் உட்கார வைக்க வேண்டும்போல் இருந்தது.

கிளம்பும்போது கூப்பிட்டான். “மாமா, அடுத்த சீசன் நம்ம டீம் முதல் மேட்ச்சுக்கு வந்துடுங்க. போனை மட்டும் அக்காகிட்ட குடுத்துட்டு வாங்க.”

நம்ம டீம் என்றான். காதில் விழுந்ததா? எனக்கு விழுந்தது. பஸ் ஓசூர் ரோடு டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் நின்றது. எனக்கு அலுக்கவே இல்லை.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. செல்வம் என்னிடம் ‘விடுங்க’ என்றான். நான் கரீமிடம் ‘விடு’ என்றேன். அன்றைக்கு நானும் கொஞ்சம் மரியாதையாக, “விடுங்க பாய்” என்று சொல்லித் தொலைத்திருந்தால், பிரான்சிஸ் பந்தை விட்டிருக்கவே மாட்டான்.

ஆகவே வாசகர்களே, உயிர் நண்பனாகவே இருந்தாலும் மரியாதை கொடுத்துப் பேசுங்கள்... ஒரு டிவிஷன் மிஞ்சும்!